சங்கரம்மாளுக்கு ஒரு பல்செட்

கிண்ணத்தின் மூடியைத் திறந்து, கரண்டி முனையால் தொட்டுத் தூக்கிப் பார்த்தன ஞானபூரணத்தின் கைகள். ரோஸ் நிறக் கலவை நூல் நூலாக இழுத்தது. மறுபடி மூடிவிட்டுக் காத்திருந்தன. கிண்ணத்தில் ஒட்டாமல் மாவாகத் திரண்ட பிறகுதான் அச்சில் வைத்து அழுத்தலாம்.

ஞானபூரணம் சங்கரன்கோவிலில் பல்செட் செய்கிறவள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். ஒரு லேபில் பாத்திரம் கழுவப் போய், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை.

இந்த செட் பக்கத்துத் தெரு சங்கரம்மாளுக்கு. பல் போனதிலிருந்து முந்தானையால் வாயை மூடாமல் அவள் யாரிடமும் பேசியதில்லை. மெழுகில் மாதிரி வைத்துப் பார்த்த அன்று மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“முறுக்கு கடிக்கணும் ஏட்டி. போட்டோவுக்குப் பல்லைக் காட்ட மட்டும் செஞ்சிராத!”

ரோஸ் கலவை ஒரு பொடியும் திரவமும் சேர்ந்தது. அந்தத் திரவத்துக்குத் தானாகவே இறுகிவிடும் குணம் உண்டு. அதைத் தடுக்க ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தைத் துளியளவு கலந்து, பழுப்புப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அந்தத் தடுப்பு தீராதவரை திரவம் தண்ணீராகவே இருக்கும். பொடியிலோ தடுப்பைத் தின்று தீர்க்கும் இன்னொரு மருந்து இருக்கிறது. அதனால் பொடி பட்ட கிண்ணத்தில் மிஞ்சிய திரவத்தைக் கொட்டிவிட வேண்டும். திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது.

போன வாரம் ஞானபூரணம் ஊற்றிவிட்டாள். வேறொரு செட் முடித்த அசதி. வீணாக்க மனம் வரவில்லை. பாட்டிலும் ஜன்னல் வெயிலில் இருந்தது. சங்கரம்மாளின் வேலைக்காகத் திறந்தபோது திரவம் தேனாகக் கனத்திருந்தது. மதுரைக் கடைக்குப் போன் போட்டுப் புதுப் பாட்டில் கேட்டாள்.

இன்று காலை அது வந்து சேர்ந்தபோதுதான் சங்கரம்மாளின் மகள் பொன்செல்வியும் போனில் அழைத்தாள்.

“அக்கா, அம்மா போயிட்டாக்கா.”

“மக்கா... முன்னமே குடுத்திருக்கணும். பாட்டிலைக் கெடுத்தது நான்தான்.”

பொன்செல்வி அழுதபடியே பேசினாள்.

“மூச்சு அடங்குற வரைக்கும், பல்லு வந்தாச்சான்னுதான் கேட்டா. சாயங்காலம் எடுக்கோம். அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க.”

“இனிமே அவ வாயைத் திறந்து மாட்ட முடியாதே மக்கா.”

“தெரியும்க்கா. அம்மா கையில வச்சு அனுப்புதேன்.”

கலவை திரண்டது. அச்சில் வைத்து இறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, அடுப்பைச் சிறுதீயில் வைத்தாள். தெருவில் மேளம் கேட்கத் தொடங்கியது. பொன்செல்வியின் கணவன் மாரிக்கண்ணன் பைக்கில் வந்து நின்றான்.

“யக்கா, இன்னுமா? நல்லாக் கொதிக்க விட்டா சீக்கிரம் ஆயிராதா?”

“திடீர்னு கொதிச்சா உள்ள குமிழி விழும் தம்பி. கடிச்சா உடைஞ்சிரும்.”

“இனிமே யாரு கடிக்கப் போறாக்கா?”

ஞானபூரணம் அடுப்பையே பார்த்தாள். “அவ முறுக்கு கடிக்கக் கேட்ட பல்லு தம்பி இது. செத்த நேரம் இரி.”

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். மேளம் நின்று, மறுபடி தொடங்கியது. அவள் தீயைக் கூட்டவில்லை. அச்சு தானாக ஆறிய பிறகே உடைத்து எடுத்து, விளிம்புகளை அரத்தால் ராவி, மெருகேற்றிக் கழுவினாள்.

போடும்வரை காய்ந்து வளையாதிருக்க, பல்செட்டை எப்போதும் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டுத்தான் கொடுப்பாள். இன்று டப்பாவை எடுக்கவில்லை. முந்தானையால் ஈரம் போகத் துடைத்து, மாரிக்கண்ணன் நீட்டிய இரண்டு கைகளிலும் வைத்தாள்.