மூன்று தரம் அலசியவர்

ஜப்பானில் மாட்சுவே என்ற ஊரின் ஏரிக்கரையில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து, இருபத்தாறு வருடம் கழித்து உதவி ஆய்வாளராகவே வெளியே வந்தவர் நிஷிவாகி இகுயோ. அவருக்குப் பின்னால் வந்த ஒன்பது ஆண்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். அதில் நாலு பேருக்கு உறிஞ்சுகுழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஒருவருக்கு மட்டும் கடைசிவரை அது கைக்கு வரவில்லை. அவர் பெயர் ஒகினோ. அவர்தான் துணைப் பேராசிரியர் ஆனார்.

துறைத் தலைவர் குராமோச்சி. அவரை எல்லோரும் ‘சென்செய்’, அதாவது ஆசான், என்றுதான் அழைக்க வேண்டும். வெறும் பெயரைச் சொன்னால் அன்றைய நாள் கெட்டது. காலை பத்து மணிக்கு வருவார். இகுயோ வைக்கும் பச்சைத் தேநீரைக் குடிப்பார். செய்தித்தாளில் தன் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டை அவர் தொட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்தத் துறையிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு கட்டுரையிலும் அவர் பெயர் ஏறியிருந்தது, கோயில் விளக்கில் உபயதாரர் பெயர் ஏறுவதைப் போல.

அவருடைய புகழுக்கெல்லாம் மூலதனம் ஒரே ஒரு பொருள். மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் ஒரு வகைக்குப் பெண் ஹார்மோன்தான் சாப்பாடு. அது கிடைத்தால் பெருகும், கிடைக்காவிட்டால் சோர்ந்து கிடக்கும். குராமோச்சியோ, ஹார்மோனே இல்லாமல் அந்த அணுக்களைப் பெருக்கும் ஒரு பொருளைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்துவிட்டதாக அறிவித்தார். அடக்கம் மிகுந்தவர் என்பதால் அதற்குத் தன் பெயரையே வைத்தார். குராமோச்சி காரணி. அதை வைத்து முப்பது கட்டுரைகள், இரண்டு பரிசுகள்.

அணுக்களைக் கன்றுக்குட்டியின் ரத்தநீரில்தான் வளர்ப்பார்கள். அந்த ரத்தநீரிலேயே கொஞ்சம் ஹார்மோன் இருக்கும். அதனால் கரித்தூள் போட்டுக் குலுக்கி, ஹார்மோனைக் கரியில் ஒட்டவைத்து வடிகட்ட வேண்டும். கையெல்லாம் கறுத்துப்போகும் வேலை. எனவே அது பெண்ணின் வேலை. ஒரு தரம் அலசினால் போதும் என்பது துறையின் வழக்கம். யார் வகுத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு வசந்தத்தில் வந்த ரத்தநீர் கலங்கலாக இருந்தது. இகுயோவுக்குப் பிடிக்கவில்லை. மூன்று தரம் அலசினார். அந்த வாரம் குராமோச்சி காரணியை ஊற்றிய தட்டுகளும் ஊற்றாத தட்டுகளும் ஒரே மாதிரி சோம்பிக் கிடந்தன. திரும்பச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தனியாக வந்து செய்தார். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே முடிவு. ஹார்மோன் இல்லாமல் அணுக்களை வளர்த்ததாகச் சொன்னவர், ஒரு தரம் அலசிய ரத்தநீரில் மிச்சமிருந்த ஹார்மோனைத் தூண்டிவிட்டுத்தான் வளர்த்திருக்கிறார். காரணியாவது மண்ணாவது!

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனார். குராமோச்சி கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

“என்ன?”

“சென்செய், ரத்தநீர மூணு தரம் அலசினா காரணி வேல செய்யல.”

“அப்போ மூணு தரம் அலசாத.”

“பதினோரு வாட்டி செஞ்சு பாத்துட்டேன்.”

“பதினோரு வாட்டியும் உன் கைதானே? கைராசின்னு ஒண்ணு இருக்கும்மா.”

பக்கத்தில் நின்ற ஒகினோ சிரித்தார். “வீட்டுல துணியும் இப்படித்தான் தொவைப்பாங்க போல சென்செய், சாயம் போற வரைக்கும்!”

துணியில் சாயம் போனால் அது மட்டமான சாயம் என்று சொல்ல இகுயோவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மறுவாரம் அவரை எலிக்கூண்டுகளைக் கவனிக்க மாற்றினார்கள்.

இரண்டு வருடம் எலிகளோடு கழிந்தது. எலிகள் ஒகினோவைவிட நாகரிகமாகத்தான் நடந்துகொண்டன.

அதற்குள் காரணியைத் தடுக்கும் ஒரு மருந்து தயாராகிவிட்டது. கல்லூரி மருத்துவமனையிலேயே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு. அதற்காகத் தேர்ந்தெடுத்த பெண்கள் ஹார்மோனை அடக்கும் பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும். ஹார்மோனே தேவையில்லை என்றுதான் குராமோச்சி கண்டுபிடித்துவிட்டாரே!

ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவமனை நடைபாதையில் ஒரு பெண் இகுயோவை நிறுத்தினாள். ஏரியில் சிப்பி அள்ளி விற்கும் கத்தாயாமா என்பவள்.

“டாக்டரம்மா, ஒரு நிமிஷம்.”

“நான் டாக்டர் இல்லீங்க.”

“வெள்ள கோட்டு போட்டிருக்கீங்கள்ல, அது போதும். என் மாத்திரய நிறுத்தணுமாம். ரெண்டு வருஷமா அந்த மாத்திரதான் என்னைத் தண்ணில எறங்கி நிக்க வச்சிருக்கு. நிறுத்தலாமா?”

“கையெழுத்து போட்டுட்டீங்களா?”

“திங்கக்கெழம போடச் சொன்னாங்க.”

“போடாதீங்க.”

அந்தக் கட்டடத்தில் இகுயோ யாருக்கும் இட்ட முதல் கட்டளை அது. சொன்ன கையோடு தன் பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டார். அப்படியே படியேறிப் போய், மருத்துவமனையில் மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுத் தலைவர் அரிசுயே என்ற அறுவை மருத்துவரின் மேசையில் குறிப்பேட்டை வைத்தார்.

உண்மை ஜெயித்தது என்று யாரும் மார்தட்ட வேண்டாம். கார் நிறுத்தும் இடத்துக்காக அரிசுயேவுக்கும் குராமோச்சிக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அரிசுயே குறிப்பேட்டை ஒரு பக்கம் படித்தார், முகம் மலர்ந்தது. இரண்டாம் பக்கம் படித்தார். கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஆனார்.

“இத்தன நாளா இத எங்கம்மா வச்சிருந்தீங்க?”

“எலிக்கூண்டு பக்கத்துல.”

திங்கட்கிழமை யாரும் கையெழுத்துப் போடவில்லை. சோதனை நின்றது. இகுயோ தன் பதினோரு முடிவுகளையும் இரண்டே பக்கக் கட்டுரையாக எழுதி, தன் பெயரை மட்டும் போட்டு, குராமோச்சியின் ஒப்புதல் முத்திரையைக் கேட்காமலே ஒரு சின்ன ஆய்விதழுக்கு அனுப்பினார். அது அச்சான வாரம் அவருடைய மேசை நடைபாதைக்கு, குளிர்பெட்டிக்குப் பக்கத்துக்குப் போனது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்தினார்கள். காலை வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வராது. வேலையைவிட்டு நீக்க முடியாதவர்களை அங்கே அப்படித்தான் நீக்குவார்கள்.

அவர் போகவில்லை. குளிர்பெட்டியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு எட்டு வருடம் உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையில் கனடாவில் ஒரு குழுவும் மூன்று தரம் அலசிப் பார்த்து இகுயோ சொன்னது சரி என்று எழுதியது. வெளிநாட்டுக்காரன் சொன்னால் வேறு கதை அல்லவா! குராமோச்சி உடனே மேடையேறி, “எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகம் இருந்துச்சு” என்றார். தன் தவறைத் தானே கண்டுபிடித்த துணிச்சலுக்காக அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு, சோறு நன்றாக இருந்தது என்று பாராட்டு.

அதைக் கொண்டாட வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் விருந்து. கடைசி வரிசையில் இருந்த இகுயோவிடம் ஒகினோ ஒரு பியர் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சென்செய்க்குப் போய் ஊத்துங்க. பழசெல்லாம் மறந்துடலாம்.”

இகுயோ போனார். மண்டியிட்டு, நுரை சிந்தாமல் ஊற்றினார். பிறகு பணிவான குரலில் கேட்டார்.

“சென்செய், ஒரு சந்தேகம். ரத்தநீர எத்தன நேரம் குலுக்கணும்?”

“ஹ்ம்?”

“கரி போட்டு. எத்தன நேரம், எந்தச் சூட்டுல?”

குராமோச்சி ஒகினோவைப் பார்த்தார். ஒகினோ மீன் துண்டைப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் இருந்த அமைச்சக அதிகாரி ஆர்வமாகத் திரும்பினார்.

“அது… தேவையான அளவு,” என்றார் குராமோச்சி.

“ரொம்ப நன்றி, சென்செய். தெளிவாயிடுச்சு.”

அதிகாரி இருமலில் சிரிப்பை மறைத்தார். மறுவருடம் இகுயோ ராஜினாமா எழுதினார். தொத்தோரியில் ஒரு பெண்கள் கல்லூரியில், ஊட்டச்சத்துத் துறையில், ஆசிரியர் வேலை. சமையல் வகுப்புக்கு அடுத்த அறைதான் ஆய்வுக்கூடம். சோயா வாசனை சுவரெல்லாம். அங்கே ஆறு வருடத்தில் நாலு கட்டுரைகள் எழுதினார். சோயாவில் இருக்கும், ஹார்மோனைப் போலவே நடிக்கும் பொருள்களைப் பற்றி. நடிப்பவர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே நல்ல பரிச்சயம். தட்டைத் தொட்டவர்களின் பெயர் மட்டும் ஏறியது. தொடாத கல்லூரி முதல்வர் இரண்டு தடவை இருமிக் காட்டினார். இகுயோ அவருக்கு இருமல் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு மதியம் தொலைபேசி. ஒகினோ. இப்போது பேராசிரியர் ஒகினோ.

“நம்ம லேப்ல அணுக்கள் எல்லாம் செத்துச் செத்துப் போகுது. பசங்களுக்குக் கை பழகல. வாரம் ஒரு நாள் வந்து சொல்லித் தரீங்களா?”

“என்னைக்கு?”

“புதன்கெழம தோதுப்படுமா?”

“புதன்கெழம கிளாஸ் இருக்கு.”

“அப்போ வியாழன்?”

“வியாழக்கெழம,” என்றார் இகுயோ, “எனக்கு வர மனசில்ல.”

வைத்துவிட்டு, ஆறிக்கொண்டிருந்த நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சினார்.