ராணி திரும்பிப் பார்க்காத படம்

அற்புதமணிக்கு சினிமா பிடிக்காது. பதினேழு வருஷமாக சினிமா தியேட்டரில் வேலை பார்க்கிறவள் இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும். தூத்துக்குடியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட தியேட்டர் அது. பெண்கள் பக்கத்து வாசல் அவள் பொறுப்பு. டிக்கெட்டைக் கிழிக்க வேண்டும், டார்ச் அடித்து இடம் காட்ட வேண்டும், கைப்பிள்ளைக்காரிகளை ஓரமாக உட்கார வைக்க வேண்டும், இடம் பிடிக்கிறதில் முடியைப் பிடித்துக்கொள்கிறவர்களைப் பிரித்துவிட வேண்டும், நடுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஆண்பிள்ளைகளை முறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று ஆட்டம். நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு கிடந்தது. இதில் படத்தை எங்கே ரசிக்க?

எழுபத்தாறாம் வருஷம் கோடையில் அந்த ராஜா ராணி படம் வந்தது. வந்தது வந்தபடி அறுபது நாளாகியும் போகவில்லை. பெரிய கதையெல்லாம் இல்லை. ஒரு குட்டி ராஜ்ஜியம். ராஜா போரில் செத்துப்போகிறார், எதிரி கோட்டையை வளைத்துக்கொள்கிறான். ராணி தன் ஐந்து வயது மகனை ஒரு ஓடக்காரன் கையில் கொடுத்து, அக்கரைக்குக் கொண்டுபோய் வளர்க்கச் சொல்கிறாள். பிள்ளை 'அம்மா அம்மா' என்று கத்திக்கொண்டே போகிறது. ராணியோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறாள். ஓடம் மறைகிறவரைக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதோடு இடைவேளை. பிற்பாதியில் பிள்ளை வளர்ந்து வாளோடு வருகிறான், ஆத்தாளும் மகனும் சேருகிறார்கள், சுபம்.

அந்தச் சுவர்க் காட்சிக்கு யார் என்ன செய்வார்கள் என்பது அற்புதமணிக்கு மனப்பாடம். உப்பளத்துப் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். வெயிலில் உப்பு வாரி, வெடித்த பாதத்தோடு வந்து தரையில் உட்காருகிறவர்கள். அழுவதற்கென்றே டிக்கெட் எடுத்தது மாதிரி அழுவார்கள். அதில் தங்கத்தாய் என்று ஒருத்தி ஏழு தடவை பார்த்துவிட்டாள், ஏழு தடவையும் ராணியைத் திட்டினாள். "ஏளா, ஒரு வாட்டி திரும்பிப் பாத்தா உன் கிரீடம் விழுந்திருமா?" என்று திரையைப் பார்த்தே கேட்பாள். தருவைகுளத்து மீனவப் பெண்கள், வீட்டு ஆண்கள் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் கூட்டமாக பஸ் ஏறி வருவார்கள். அவர்கள் ராணியைப் பார்ப்பதே இல்லை. அந்த ஓடக்காரன் பாய் பிடித்திருக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் காத்துக்கு இப்படிப் பிடிச்சா பிள்ள அக்கரைக்கா போவும், அடியிலல்லா போவும்" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாள் தவறாமல் ஆண்பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்புகிறவர்களுக்கு வழியனுப்புவதில் என்ன அழுகை இருக்கிறது? பெஞ்சு டிக்கெட்டில் வரும் கஸ்டம்ஸ்காரர் வீட்டு அம்மாளுக்கு ராணியின் அட்டிகைதான் கணக்கு. இன்னொருத்தி உண்டு. பிள்ளையை மஞ்சள்காமாலைக்குக் கொடுத்தவள். அந்தக் கட்டம் வரப்போகிறது என்றதும் எழுந்து வந்துவிடுவாள். அற்புதமணி ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிடுவாள். பிள்ளையின் சத்தம் ஓய்ந்ததும் உள்ளே விடுவாள்.

அற்புதமணி அழவில்லை, திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவளுக்கு அந்தக் காட்சியைப் பார்த்தால் நெஞ்சில் ஒரு கேள்விதான் வந்து உட்காரும். அதைக் கேட்கவேண்டிய ஆள் ஒருத்திதான். அவள் மகள் பிளாரன்ஸ்.

அற்புதமணி சாத்தான்குளத்துக்காரி. மிஷன் பள்ளியில் எட்டு வரைக்கும் படித்தவள். புருஷன் தேவபிரசாதம் துறைமுகத்துக் குடோனில் எடை போடுகிற வேலை பார்த்தான். டைபாய்டில் ஒன்பதே நாளில் போய்விட்டான். கையில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை. தெரிந்தவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. வேதக்காரி, அதிலும் கிறிஸ்தவ சபையார் சினிமா என்றாலே காதைப் பொத்துகிற காலத்தில், இந்த வேலைக்கு வந்தாள் என்றால் வேறு வழியில்லாமல்தான் வந்தாள். பிள்ளையைத் தியேட்டரில் வளர்க்க முடியாது என்று நாசரேத்துப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங்கில் சேர்த்தாள். தாய் தொழில் என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த போர்டிங்கில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் பிள்ளைகளைப் பாட்டுச் சொல்லித்தர வேதக் கோவிலுக்குள் கூட்டிப்போவார்கள். அந்த நேரம் பார்த்துத் தாய்மார் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிள்ளை ஏங்கிப்போகும் என்பார்கள். மற்ற தாய்மார் தயங்கித் தயங்கி நின்றார்கள். அற்புதமணி சொன்னது சொன்னபடி செய்தாள். பிள்ளைகள் பாடுகிற சத்தம் காதில் விழ விழ, பனங்காட்டு வழியாக பஸ்ஸுக்கு நடந்தாள், திரும்பவில்லை. நல்ல தாய் என்று வார்டன் அம்மாவே பிறகு ஒரு தடவை மெச்சினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமை எவ்வளவு நாள் தாங்கும்? லீவுக்குப் பிள்ளை மாமா வீட்டுக்குப் போய்விடும், தாயிடம் நாலு நாள் தங்கும். தங்குகிற நாலு நாளும் விருந்தாளி மாதிரி, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு, தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு இருக்கும். முகம் கோணியதில்லை. சண்டை போட்டதில்லை. அதுதான் அற்புதமணியை அரித்தது.

இப்போது பிளாரன்ஸுக்கு இருபத்திரண்டு வயது. மதுரைக்குத் தெற்கே ஒரு மிஷன் பள்ளியில் இரண்டு வருஷமாக டீச்சர், அங்கேயே போர்டிங் பிள்ளைகளுக்கு வார்டனும் அவள்தான். மே மாசக் கடைசியில் வந்தாள், வழக்கம்போல நாலு நாளைக்கு. மூன்றாம் நாள் அற்புதமணி கேட்டுவிட்டாள்.

"மத்தியான ஆட்டத்துக்கு வாரியா பிள்ளே? ஒரே ஒரு படம்."

தான் கேட்க முடியாததை அந்தப் படம் கேட்டுவிடும் என்று நம்பினாள். பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் தூது போக?

பிளாரன்ஸ் சினிமா பார்த்ததே இல்லை. வார்டன் தியேட்டரில் உட்கார்ந்தாள் என்று தெரிந்தால் பள்ளியில் வேலைக்கே ஆபத்து. ஆனாலும், "நீ என்கிட்ட எதுவும் கேட்டதில்லையேம்மா. வாரேன்" என்றாள்.

தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கடைசிப் பெஞ்சில் மூலையில் உட்கார்ந்தாள். கூரை கொதித்தது. அற்புதமணி அன்றைக்குக் கதவை விட்டு நகர்ந்து, மகள் முகம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டாள். ஓடம் வந்தது. பிள்ளை கத்தியது. உப்பளத்துப் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ராணி சுவர்ப் பக்கம் திரும்பினாள். அற்புதமணி டார்ச்சைத் தரையில் அடித்து, அந்த லேசான வெளிச்சத்தில் மகளைப் பார்த்தாள்.

பிளாரன்ஸ் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அறுபது நாளாக ஊரையே அழவைத்த காட்சி. அற்புதமணிக்கு ஆத்திரம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, கடைசியில் இரண்டுமே அலுப்பாக இறங்கிவிட்டது. எழுப்ப மனசில்லை. மகள் தூங்குகிறதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நின்றாள்.

இடைவேளை விளக்கு போட்டதும் பிளாரன்ஸ் திடுக்கிட்டு எழுந்தாள். முன்னால் தரையில் தங்கத்தாய்க்கும் கஸ்டம்ஸ் வீட்டு அம்மாளுக்கும் வாக்குவாதம் முற்றியிருந்தது. ராணி அழுதால் படை பயந்துவிடாதா, அதனால்தான் திரும்பி நின்றாள் என்று அம்மாள் சொன்னாள். படை கிடக்கட்டும், பெத்த வயிறு என்னாச்சு என்று தங்கத்தாய் கேட்டாள். கேட்டவள் பிளாரன்ஸைப் பார்த்து, "ஏளா, படிச்ச பிள்ள மாதிரி இருக்க, நீ சொல்லு. ராணி செஞ்சது சரியா?" என்றாள்.

"நான் தூங்கிட்டேன்க்கா" என்றாள் பிளாரன்ஸ். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது.

ஆட்டம் விட்டதும் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி வீடு, வீடென்றால் ஒரு அறை. பிளாரன்ஸ்தான் கருப்பட்டிக் காப்பி போட்டாள். அற்புதமணி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள்.

"காலைல நாலரைக்கே எந்திரிச்சுப் பழகிட்டும்மா. மத்தியானம் சும்மா உக்காந்தா கண்ணச் சொருகிரும்" என்றாள் பிளாரன்ஸ். "என்னத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போன?"

சும்மாதான் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "அந்த ராணி பிள்ளைய அனுப்பிட்டுத் திரும்பிப் பாக்காம நிப்பா. நீ அதப் பாக்கணும்னு நெனச்சேன்."

பிளாரன்ஸ் காப்பியை ஆற்றினாள். "உன் மேல எனக்குக் கோவமான்னு கேக்க. அதான?"

"ஆமா."

"இருந்துச்சும்மா. ரொம்ப வருஷம் இருந்துச்சு. போர்டிங்ல ராத்திரி ஜெபத்துல ஒவ்வொருத்தர் பேராச் சொல்லணும். மாமா, அத்தை, டீச்சர், சமையக்காரம்மா, எல்லாரையும் சொல்லிட்டு உன் பேர மட்டும் விட்டுருவேன். வேணும்னே விடுவேன். விடுததுக்காவ அன்னன்னைக்கு உன்ன நெனைக்கணும்லா, நெனைச்சுட்டுத்தான் விடுவேன்."

அற்புதமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்ப?"

"இப்ப ஜூன் பிறந்தா எங்க போர்டிங் பின்வாசல்ல நாந்தான் நிக்கேன். போன வருஷம் நாப்பது தாய்மார். 'திரும்பிப் பாக்காதிய, பிள்ள ஏங்கிரும்'னு அத்தன பேருக்கும் நாந்தான் சொல்லி அனுப்புனேன். ஒருத்தி என் கையப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னுட்டா. பிரிச்சு விட்டேன். இதையும் செஞ்சுட்டு உன் மேல என்னன்னு கோவப்பட? கோவம் போயிட்டு. இப்ப ஜெபத்துல உன் பேரச் சொல்லுதேன்." டம்ளரைத் தாய் பக்கம் நகர்த்தினாள். "எல்லார் பேரோடயும் சேத்துச் சொல்லுதேன். அவ்வளவுதாம்மா வருது. அதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்கு."

பதினேழு வருஷமாகக் கேட்க நினைத்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. மகளுக்குக் கோபமில்லை. அற்புதமணிக்கு அழுகை வரவில்லை. தினமும் நினைத்து விட்ட பேராக இருந்தேனே, அது எவ்வளவோ மேல் என்று நினைத்தாள். அப்போது அது தெரியாமல் போய்விட்டதே.

"வரலன்னா இருக்கட்டும்" என்றாள் அற்புதமணி. "லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகாத. இங்கன வா. வந்து தூங்கு."

"வாரேம்மா" என்றாள் பிளாரன்ஸ். அதே மரியாதையான குரல்.

தியேட்டரில் அடுத்த ஆட்டத்துக்குப் பாட்டு ரெக்கார்டு போட்டுவிட்டார்கள், சத்தம் வீட்டுக்குள் வந்தது. அற்புதமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். பெண்கள் வாசலில் அதற்குள் வரிசை. தங்கத்தாய் மத்தியான ஆட்டம் பார்த்தது போதாதென்று தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"கடைசிப் பெஞ்சில தூங்குனது உன் மகளாமே? ஜாடையே இல்லையே அக்கா! எந்திரிச்சு என்ன சொன்னா? ராணி மேல தப்பா இல்லையா?"

"தப்பில்லைன்னுட்டா."

"அப்ப நல்லதுதான?"

பின்னால் வரிசை நெருக்கியது. அற்புதமணி டிக்கெட்டை வாங்கிக் கிழித்து, பாதியைக் கையில் கொடுத்து, உள்ளே போகச் சொன்னாள்.