மாமியார் வீட்டு வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி

சோபாக்காரர் வேலை நேரத்தில் பேசினால் எதிரே நிற்பவருக்கு ஒரு மண்ணும் புரியாது. வாய் நிறைய ஆணி இருக்கும். குட்டிக் குட்டி ஆணிகளைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தம் வைத்த சுத்தியலால் அதை வாங்கித் துணியில் அடிப்பார். "என்னிக்குக் கிடைக்கும்?" என்று கேட்டால் "ம்ங்ம்" என்பார். வெள்ளிக்கிழமை என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டு போவார்கள். அவரும் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவார், அது வேறு விஷயம்.

வேலையில் புலி. ஸ்பிரிங் அமுங்கிய சோபா, ரெக்ஸின் கிழிந்த நாற்காலி, எதைக் கொடுத்தாலும் புத்தம்புதுசாக்கித் தருவார். ஆனால் அவர் கடை இருந்த இடம் இருக்கிறதே, அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். டயர் கடைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் இன்னொரு சந்து, அதற்குள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு தகரக் கதவு. போர்டு கிடையாது. ஏன் என்று கேட்டால், "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்பார். தெரிந்தவர்கள் எல்லாரும் வீடு மாறிப் போய்விட்டார்கள். தெரியாதவர்கள் சோபா கிழிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினார்கள். மனிதர் தகரக் கதவுக்குள் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

புதுசு வாங்கியவர்கள் வாங்கியது எங்கே என்கிறீர்கள்? அவருடைய மச்சான் கடையில்! மனைவியின் அண்ணன் மெயின் ரோட்டில் பெரிய ஷோரூம் வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே நுழைந்தாலே தும்மல் வரும் அளவுக்கு சென்ட். அவர் ஒருநாள் வந்து, "மாப்ள, எதுக்கு இந்த இருட்டுக்குள்ள கஷ்டப்படுறீங்க? நம்ம கடைக்கு வந்துடுங்க. கதவுகிட்ட நிக்கணும், வர்றவங்களை 'வாங்க சார்'னு கூப்பிடணும், அவ்வளவுதான். சம்பளம் கரெக்டா வந்துடும்" என்றார். யோசிக்க இரண்டு மாதம் கொடுத்து, அதற்கடுத்த ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்லச் சொன்னார். போகும்போது ஒரு டையை வைத்துவிட்டுப் போனார்.

சோபாக்காரருக்கு ஆணியை விழுங்கியது போல ஆகிவிட்டது. வாழ்நாள் முழுக்க சோபாவின் உள்ளே கையை விட்டவர், இனிமேல் சோபாவுக்கு வாட்ச்மேனாக நிற்க வேண்டுமாம். ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ராத்திரி சாப்பிடும்போது அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, சமுதாயக்கூடத்துல ஓசியில கிளாஸ் எடுக்கிறாங்களாம். சின்ன சின்ன தொழில் பண்றவங்களுக்கு போனை வெச்சு எப்படி வியாபாரம் பண்றதுன்னு சொல்லித் தர்றாங்களாம். உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? போன்ல பேசத் தெரியும், போதாதா?"

"நீங்க போன்ல பேசுறதை போனே இல்லாம அடுத்த தெருவுல கேக்கலாம். பேசாம போயிட்டு வாங்க."

போனார். முதல் வகுப்பில் போட்டோ எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்பு மோசடிக்காரர்களைப் பற்றி. தெரியாத நம்பரிலிருந்து ஆசை வார்த்தை பேசுவார்கள், மிரட்டுவார்கள், நம்பரை பிளாக் செய்துவிடுங்கள் என்றார் டீச்சர். இது சோபாக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எந்தத் தெரியாத நம்பர் வந்தாலும் "வந்துட்டான்யா திருட்டுப் பய" என்று பிளாக் செய்தார். செய்துவிட்டு மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மூன்றாம் வகுப்பில்தான் வினை வந்தது. அவரவர் கடையை மேப்பில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். சோபாக்காரர் வாரம் முழுக்க அதை இழுத்தடித்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டு முடித்து அவர் கண் சொக்கும்போது மனைவி விடவில்லை. "நாளைக்கு கிளாஸ். இப்பவே போட்டாத்தான் ஆச்சு" என்று போனைக் கையில் திணித்தாள். அவர் முனகிக்கொண்டே தொழில் பெயரைச் சொன்னார், அது எழுதிக்கொண்டது. தன் முகத்தையே போட்டோ எடுத்துப் போட்டார். போன் நம்பர் கேட்டது. என்னை என்ன கேனையன் என்று நினைத்தாயா என்று அதைக் காலியாக விட்டார். கடைசியில், 'நீங்கள் இப்போது இருக்கும் இடம் இதுதானா?' என்று கேட்டது.

மனிதர் பொய் பேசி அறியாதவர். மாமியார் வீட்டு நடுஹாலில் உட்கார்ந்துகொண்டு, அது கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலாக 'ஆம்' என்று அழுத்தினார். மேப்பில் மாமியார் வீட்டு வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் 'சோபா, நாற்காலி ரிப்பேர்' என்று எழுத்து. டீச்சர் மறுநாள் எட்டிப் பார்த்து, "வெரி குட் அங்கிள், பளிச்சுன்னு வந்திருக்கு" என்றார். அவருக்கென்ன தெரியும், அது யார் வாசல் என்று!

அதன்பிறகு சோபாக்காரர் தகரக் கதவைத் திறந்துவைத்து, தலையை வாரிக்கொண்டு காத்திருந்தார். ஒரு ஈ காக்காய் வரவில்லை. ஒரே ஒரு திருடன் மட்டும் தினமும் காலையில் போனில் கூப்பிட, இரண்டு தரம் கட் பண்ணிவிட்டு அவனையும் பிளாக் செய்தார். வாரம் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. "மேப்பாம் மேப்பு, மண்ணாங்கட்டி" என்று போனை ஃபோம் மூட்டையின் மேல் வீசினார். மச்சான் சொன்ன ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று அந்த டையைக் கட்டிப் பார்த்தார். கட்டத் தெரியாமல் கட்டியதில் கழுத்து இறுகி முழி பிதுங்கியது. மனைவி அவிழ்த்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. மாமியார். போனைக் காதில் வைத்தவள் அதைத் தள்ளிப் பிடித்தாள்.

"அம்மா உங்களை உடனே வரச் சொல்றாங்க. தினமும் போன் பண்றாங்களாம். முதல்ல கட் பண்ணீங்களாம், அப்புறம் போகவே மாட்டேங்குதாம்."

சோபாக்காரர் பேய் முழி முழித்தார். மாமியார் நம்பர் அவர் போனில் இல்லை. இத்தனை வருஷத்தில் தேவைப்பட்டதே இல்லை, பேச வேண்டியதை மனைவி பேசிவிடுவாள். தினமும் காலையில் கூப்பிட்ட திருடன் யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டு பேரும் ஓடினார்கள். வாசலிலேயே ஒரு சோபா குறுக்கே நின்றது. அதைத் தாண்டினால் வராந்தாவில் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கால்களைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. உள்ளே ஹாலில் மெத்தைகள், முக்காலிகள், ஒரு சைக்கிள் சீட்டு. நட்டநடுவில் ஒரு பல் டாக்டர் நாற்காலி. அதில் சாய்ந்து, கால் நீட்டி, தலைக்கு மேல் வட்ட விளக்கு தொங்க, மாமியார் படுத்திருந்தார்.

"வாங்க மாப்ள. என் நம்பரை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அத்தை, அது வந்து... திருடன்னு நினைச்சு..."

"ரொம்ப சந்தோஷம். உக்காருங்க." உட்கார இடமே இல்லை. வீட்டில் இருந்த அத்தனை இருக்கைகளும் உடைந்தவை. சோபாக்காரர் நின்றுகொண்டார்.

நடந்தது இதுதான். புள்ளி விழுந்த மூன்றாம் நாளே ஒருவர் சோபாவோடு வந்து மணி அடித்திருக்கிறார். போனில் மாப்பிள்ளை முகத்தைக் காட்டியிருக்கிறார். வேறு யாராவது என்றால் ஐயோ தப்பான வீடு என்று அனுப்பியிருப்பார்கள். மாமியாரா அனுப்புவார்? "ஆள் பெரிய வேலையா வெளிய போயிருக்கார், இறக்கி வைங்க" என்றிருக்கிறார். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாருக்கும் அவரே ரேட் சொல்லியிருக்கிறார். சோபாக்காரர் வழக்கமாகக் கேட்பதைக் காட்டிலும் நல்ல கூடுதல். பேரம் பேசியவர்களைப் பேசியே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வியாபாரப் பேச்சை மாப்பிள்ளையோடுதான் பேச வேண்டும் என்பது அவர் கட்சி.

"சைக்கிள் சீட்டெல்லாம் நான் பண்றதில்லையே அத்தை" என்றார் சோபாக்காரர் ஈனக் குரலில்.

"உக்காருறதுதானே? பண்ணுங்க."

இத்தனையையும் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் போக முடியுமா? தொட்டிகிட்டேயே மாட்டிக்கொள்ளும். எனவே தையல் மெஷின், ஃபோம், ஆணி டப்பா எல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சோபாக்காரர் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வேலை பார்த்தார். ஆனால் நிம்மதியாகவா? மாமியார் பல் டாக்டர் நாற்காலியை விட்டு இறங்காமல், "அந்த மடிப்பு கோணலா இருக்கு", "என்ன ஆணியை வாயில போடுறீங்க, கருமம்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கொடுமை என்னவென்றால், மடிப்பு நிஜமாகவே கோணலாக இருந்தது. டாக்டர் வந்து தன் நாற்காலியைக் கேட்டபோது, "பசை இன்னும் காயலை, அடுத்த வாரம் வாங்க" என்று மாமியார் படுத்தபடியே சொன்னார். டாக்டர் பயந்து போய்விட்டார்.

முடித்துக் கொடுத்தவற்றையெல்லாம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டோ எடுத்து மேப்பில் ஏற்றினார் சோபாக்காரர். அது முதல் வகுப்பில் கற்றது. அதைப் பார்த்து இன்னும் ஆட்கள் வந்தார்கள். வகுப்பில் டீச்சர் அவர் கடைக்கு வந்த கருத்துகளைச் சத்தமாக வாசித்தார். 'வேலை சுத்தம். உட்காரத் தெரியாமல் உட்கார்ந்துதான் சோபாவைக் கெடுத்தேன் என்று அந்த அம்மா கால் மணி நேரம் திட்டினார். யோசித்தால் சரிதான். ஐந்து நட்சத்திரம்.' இன்னொன்று: 'பேரம் பேசினேன். இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டேன். ஐந்து நட்சத்திரம்.' வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சோபாக்காரர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் டீச்சரைத் தனியாகப் பிடித்து, "அம்மா, இந்தப் புள்ளியை என் கடைக்கு நகர்த்தித் தாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

டீச்சர் நகர்த்தும் விதத்தைக் காட்டினார். விரலால் இழுத்து, சரி என்று அழுத்தினால் முடிந்தது. ஆனால் மனைவி, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்துங்க, இல்லேன்னா என்னைத்தான் வறுத்தெடுப்பாங்க" என்றாள். அதுவும் நியாயம்தான் என்று போனைத் தயாராக வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனவர், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வேலையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஒன்றாம் தேதி. மச்சானும் பதில் கேட்க அங்கேயே வந்துவிட்டார். காரை நிறுத்த இடமில்லாமல் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, வாசல் சோபாவைத் தாண்டும்போது பேண்ட் கிழிந்து, எரிச்சலோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா இது, வீடா குப்பைக்கிடங்கா? மாப்ள, நாளையிலேர்ந்து வர்றீங்கல்ல?"

சோபாக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறைய ஆணி. "ம்ங்ம்" என்றார்.

"அவர் வரல" என்று மொழிபெயர்த்தார் மாமியார். "அவருக்கு இங்கயே மூச்சு விட நேரமில்ல. உனக்கு வேணும்னா சொல்லு, உன் கடையில பழசைத் தூக்கிப் போடுறவங்க எல்லாரையும் இங்க அனுப்பு. நான் பாத்துக்கறேன்."

"நீ எதுக்கும்மா இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிற? உனக்கு என்ன குறை வெச்சேன்? பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருக்கேன்ல?"

"கொடுத்தேப்பா. அது பேசும், நான் கேக்கணும். நான் பேசினா அது கேக்குமா?" என்றார் மாமியார். "உங்க அப்பா போனதுக்கு அப்புறம் இந்த வாசல் மணி அடிச்சதே இல்ல. பால்காரன்கூட பாக்கெட்டைத் தொங்கவிட்டுட்டுப் போயிடறான். இவருக்குத்தான் தோணிச்சு, நாலு மனுஷங்களை அனுப்பி வெச்சார்."

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்லவேளையாக அவர் போன் அடித்தது, பேசிக்கொண்டே வெளியே போனார். சோபாக்காரர் ஆணிகளைக் கையில் துப்பினார். இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை.

"அத்தை, சத்தியமா நான் யோசிச்செல்லாம் போடல. இங்க உக்காந்திருந்தேனா, தெரியாம அழுத்திட்டேன். இப்ப மாத்திடலாம்னுதான் வந்தேன்."

மாமியார் நாற்காலியின் பக்கத்தில் இருந்த பிடியை இழுத்து, மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அவ்வளவு யோசனை ஏது?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்குத் தெரியாம வெச்சீங்க. இப்பத் தெரிஞ்சே வைங்க மாப்ள."

சோபாக்காரர் போனைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். கண்ணைத் துடைக்கப் போய், கையில் ஆணி இருந்தது ஞாபகம் வந்து, தோளில் துடைத்துக்கொண்டார். மச்சான் போன் பேசி முடித்து, கிழிந்த பேண்டைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தே" என்றார் மாமியார். "ரெண்டு பேரும் சேர்ந்து வாசல்ல இருக்கிற சோபாவை உள்ள தூக்கிட்டு வாங்க. இன்னொண்ணு வந்துகிட்டிருக்கு."