தமிழரசியின் சாவியில் தொங்கிய சாமி

பலாமரத்தூரில் மொத்தம் நாற்பத்தொரு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ஸ்கூட்டி. அந்த ஸ்கூட்டி தமிழரசியுடையது. ஜவ்வாது மலையில் மகளிர் குழுவுக்காக ஊர் ஊராகப் போய்ச் சாமையும் தேனும் புளியும் வாங்கிச் சேர்ப்பது அவள் வேலை. வயது இருபத்து நான்கு. பத்தாவது வரை படித்தாள். பதினொன்றாவதுக்குப் போக அப்போது பஸ் இல்லை; மற்றபடி பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் மனஸ்தாபம் எதுவும் கிடையாது.

வேலையில் கெட்டிக்காரி. ஆனால் நேரே போய் நேரே வரத் தெரியாது. ஒரு ஊரில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தால் வண்டி தானாக நின்றுவிடும். இன்னொரு ஊரில் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருந்தால், யார் பக்கம் நியாயம் என்று தெரியும்வரை நகராது. ஒன்றுமே இல்லாத இடத்திலும் நிறுத்துவாள். பாறைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா இருப்பாள். அதற்கு அவளிடம் காரணம் கேட்டால், "சும்மா இருக்கிறதுக்கு இன்னா காரணம்?" என்பாள்.

அவளுக்குத்தான் கோகுல்ராஜைப் பேசி முடித்தார்கள். பக்கத்து மலையூர்க்காரன். அடிவாரத்தில், படவேட்டில் ஒரு செல்போன் கடையில் வேலை. உடைந்த திரையை மாற்றுவான், உடையாததற்கு மேலே கண்ணாடி ஒட்டுவான். தலைமுடியை ஒரு பக்கமாகத் தள்ளி வாரி, பேசும்போது கழுத்தைச் சாய்த்துக்கொள்வான். ஊர்க்கவுண்டர் தசரதன் முன்னால் இரண்டு வீட்டாரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஊரில் வெற்றிலை மாற்றினால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மீதிப் பாதி தை மாதம்.

வெற்றிலை மாற்றிய அன்றே கோகுல்ராஜ் அவளுக்கு ஒரு தாயத்து கொடுத்தான். சிவப்புத் தோலில் வட்டமாகத் தைத்தது, பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு.

"வண்டிச் சாவில மாட்டிக்கோ தமிழு. பூசை போட்டது. பிரிச்சி மட்டும் பாக்காத, பலன் போய்டும்."

மலையில் தாயத்தைப் பிரிக்கிற துணிச்சல் யாருக்கும் வராது. கரடியைக் கல்லால் அடித்தவர்கள் உண்டு, தாயத்தைப் பிரித்தவர் இல்லை. தமிழரசி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியில் மாட்டினாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"இன்னா தமிழு, மத்தியானம் கொல்லையூராண்ட நாப்பது நிமிசம் நின்னுகினு இருந்த?"

தமிழரசிக்கு வாயிலிருந்த பலாச்சுளை நெஞ்சில் மாட்டிக்கொண்டது. "உனக்கு எப்டி மாமா தெரியும்?"

"மனசுல தோணிச்சி. எனக்கு சின்ன வயசுல இருந்தே அப்பப்ப தோணும்."

தோன்றியது ஒரு தடவை அல்ல. எந்த வழியில் போனாள், எங்கே நின்றாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தமிழரசி பயந்துபோய் அப்பா மணிவேலிடம் சொன்னாள். மணிவேல் பெருமை தாங்காமல் ஊரெல்லாம் சொன்னார். ஒரு வாரத்தில் மாப்பிள்ளைக்குக் குறி வருகிறது என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. கோகுல்ராஜ் மறுத்துச் சொல்லியிருக்கலாம். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

முதலில் வந்தவள் வெள்ளையம்மாள். அவளுடைய சிவப்பு மாடு இரண்டு நாளாகக் காணவில்லை. கோகுல்ராஜ் கண்ணை மூடினான். "தண்ணி தெரியுது... பச்சையா இன்னாவோ தெரியுது..." என்றான். ஜவ்வாது மலையில் தண்ணீரும் பச்சையும் இல்லாத திசை ஏது? மாடு மறுநாள் தானாக வீடு வந்து தொட்டியில் வாய் வைத்தது. மாட்டுக்கு வழி தெரியும் என்று யாரும் நினைக்கவில்லை. மாப்பிள்ளை வாக்கு பலித்தது என்றார்கள்.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் கோகுல்ராஜ் மலையேறி வந்து குறி சொன்னான். கோயிலில் உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்று தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இடம் பிடித்தான். "இங்கதான் சாமி எறங்குது" என்றான். பலாமரத்தூரில் செல்போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடம் அந்தத் தொட்டியடிதான். இது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அங்கே போய் நின்றுதான் எல்லோரும் போன் பேசுவார்கள். இருந்தும் டவரும் சாமியும் ஒரே இடத்தில் இறங்குவதைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு பேரும் மேலே இருந்துதானே வருகிறார்கள்.

மடியில் மஞ்சள் துண்டு, துண்டுக்கு அடியில் போன். தமிழரசி இப்போது எங்கே இருக்கிறாள் என்று முதலில் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் குறி சொல்வான். பஸ் ஏதாவது அவளைத் தாண்டிப் போனால்தான் அவனுக்கு அருள் வரும். அதுவரை "சாமி இன்னும் எறங்கல" என்று உட்கார்ந்திருப்பான்.

ஊருக்குக் குறி கிடைத்தது, தமிழரசிக்கு நிம்மதி போனது. வண்டி தானாக நிற்பதை விட்டுவிட்டது. பலாப்பழ வாசனை வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். பாறையில் உட்காரப் போனால், சாமி பார்த்து மாமாவிடம் சொல்லும், மாமா ஏன் என்று கேட்பான், சும்மா என்றால் நம்ப மாட்டான் என்று மூன்று கட்டமாக யோசித்து, உட்காராமலே வந்தாள். அவசரத்துக்குப் புதர்ப்பக்கம் ஒதுங்குவதற்குக்கூடக் கூச்சம். "சாமி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஒதுங்கினாள்.

இதற்கிடையில் அவளுடைய போன் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை இங்கிலீசில் நான்கு வரி வரும். கடன் தருகிறோம், சீட்டாட வா என்று வருகிற குப்பையில் இதுவும் ஒன்று என்று விரலால் தள்ளிவிடுவாள். ஐப்பசியில் ஒருநாள், ஊருக்கு ஊசி போட வந்த நர்ஸ் கலைவாணி பக்கத்தில் இருக்கும்போது அது வந்தது.

"தள்ளாத, இரு" என்றாள் கலைவாணி. படித்துப் பார்த்தவள் முகம் மாறியது. "தமிழு, யாரோ வேவு பாக்கிற பொருள் ஒண்ணு உன்கூடவே சுத்துதாம். உனக்குச் சொந்தமில்லாததாம். போன்லயே போட்டு கீது."

"இன்னா சிஸ்டர் சொல்றீங்க? என்கூட சாமிதான் சுத்துது."

கலைவாணி போனில் எதையோ அழுத்தினாள். சாவிக்கொத்திலிருந்த தாயத்து "கீச் கீச்" என்று கத்தியது. தமிழரசி சாவியைத் தூக்கி எறிந்துவிட்டாள். கலைவாணி அதை எடுத்து, ஊசிமருந்துப் பெட்டியிலிருந்த கத்தரியால் தையலை வெட்டினாள். உள்ளே தகடு இல்லை, விபூதி இல்லை, மயிரில்லை. பொத்தான் மாதிரி ஒரு வெள்ளை வில்லை.

"பக்கத்துல எவன் போன் வெச்சிகினு போனாலும், அது வழியா நீ எங்க கீறன்னு சொந்தக்காரனுக்கு சேதி போய்டும். பஸ் போனா முப்பது போன். இவ்ளோதான் உங்க மாப்ள சாமி."

தமிழரசி அந்த வில்லையைக் கையில் வாங்கினாள். புதர்ப்பக்கம் ஒதுங்கும்போது சாமியிடம் கெஞ்சியது ஞாபகம் வந்தது. முகம் சிவந்து, பிறகு அழுகை வந்து, பிறகு அதுவும் போய், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "திரும்பத் தெச்சிக் குடுப்பீங்களா சிஸ்டர்?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜமுனாமரத்தூரில் சந்தை. மணிவேல் கிடாவை விற்கக் கிளம்பினார். கிடாவின் கழுத்தில் சிவப்புத் தாயத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா?" என்றார். "நல்ல வெல போவட்டும்னுதான்" என்றாள் மகள். அவரும் கிடாவும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

தொட்டியடியில் ஊர் கூடியது. கோகுல்ராஜ் மடியில் துண்டை விரித்துக்கொண்டு கண்ணை மூடினான். பெண்கள் கூட்டத்தில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஐந்தாவது வரிசையில் தமிழரசி. முன்வரிசையில் கலைவாணி எழுந்தாள்.

"சாமி, தமிழரசிகிட்ட ஒரு வேலை இருந்திச்சி. ஆளையே காணோம். எங்க கீறான்னு பாத்து சொல்லுங்க."

கோகுல்ராஜ் குனிந்து துண்டுக்கு அடியில் அருளைப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"ஜமுனாமரத்தூர்ல கீறா. சந்தைல. கறிக்கடையாண்ட."

"தனியாவா?"

குறி சொல்கிறவன் இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இப்போது பேசியது குறிக்காரன் இல்லை, மாப்பிள்ளை. "ஒண்ணரை மணி நேரமா எடத்த வுட்டு நகரல. யாருக்காகவோ காத்துக்கினு கீறா. கூட ஒரு ஆம்பள நிக்கிறான். எனக்கு நல்லாத் தெரியுது" என்றான்.

"அது எங்கப்பா மாமா" என்றாள் ஐந்தாவது வரிசையிலிருந்து தமிழரசி. முந்தானையை இறக்கினாள். "கறிக்கடையாண்ட நிக்கிறது எங்க கிடா."

கலைவாணி நடந்ததை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். தசரதன் துண்டைத் தூக்கிப் பார்த்தார். போனில் வரைபடம். அதில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பேர் 'தமிழ் குட்டி'.

ஊர் கொதித்துப் போனது. எதற்குக் கொதித்தது என்பதுதான் விசேஷம்.

"சாமி பேரச் சொல்லி ஏமாத்திட்டியேடா பாவி!" என்றார் தசரதன். "தெய்வக் குத்தம் இது. வர்ற அமாவாசைக்கு நீ பொங்க வெச்சி, ஊர் முன்னாடி வுழுந்து கும்புடணும்."

"அப்ப என் மாட்ட இவன் கண்டுபுடிக்கலையா?" என்றாள் வெள்ளையம்மாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏம்ப்பா, அந்த வில்லைய மாட்டுக்குக் கட்லாமா? இன்னா வெல?" என்றாள். உடனே நாலைந்து பேர், ஆட்டுக்கு ஆகுமா, மழையில் நனைந்தால் கெடுமா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். கோகுல்ராஜும் பழக்கதோஷத்தில் பதில் சொல்ல வாயெடுத்தான்.

"நான் ஒண்ணு கேக்கணும் கவுண்டரே" என்றாள் தமிழரசி. "சாமிக்குப் பொங்க வெச்சிடுவாரு. சரி. என் மேல வேவு வெச்சதுக்கு?"

தசரதனுக்குக் கேள்வி புரியவில்லை. "கட்டிக்கப் போறவன், எங்க போறன்னு பாத்திருக்கான். அதுல இன்னாம்மா கீது?"

"எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் தமிழு" என்றான் கோகுல்ராஜ், கழுத்தைச் சாய்த்து. "காட்டு வழி. தனியா போற. பாசத்துல வெச்சேன்."

"பாசத்த எதுக்கு மாமா உள்ள வெச்சித் தெச்ச? வெளிய வெச்சிக் குடுத்திருக்கலாமே? இது இன்னான்னு சொல்லியிருந்தா, வேணும் வேணாம்னு நான் சொல்லியிருப்பேன்ல?" அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் வழியில நிக்கிறதயே வுட்டுட்டேன். தெரியுமா உனக்கு? ஒதுங்கப் போனாகூட மேல பாத்துக் கும்புட்டுட்டுப் போனேன். அது சாமின்னு நெனச்சேன். நீயா?"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. அவரவர் புதர் அவரவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வெள்ளையம்மாள் மாட்டு விஷயத்தை விட்டுவிட்டுக் கோகுல்ராஜை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எனக்கு இவரு வேணாம்" என்றாள் தமிழரசி.

"வெத்தல மாத்தியாச்சேம்மா. திருப்பிக் குடுக்கணும்னா உங்கப்பன்தான் குடுக்கணும். அதுதான் மொற" என்றார் தசரதன், மணிவேல் சம்மதிக்க மாட்டார் என்ற தைரியத்தில். ஊரில் மாப்பிள்ளை பெருமையை அதிகம் பேசியவர் அவர்தானே.

இரண்டு மணிக்கு மணிவேல் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கிடாவும் இறங்கியது. ஒருவரும் விலைக்குப் படியவில்லையாம். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தவரிடம் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடாவின் கழுத்திலிருந்த தாயத்தை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மூன்று மாதமாக அவள் பலாப்பழம் கொண்டுவராதது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"வெத்தல வாங்கியாரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ம்."

பெட்டிக்கடையில் ஒரு கவுளி வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் வாங்கிவந்து, தட்டில் வைத்து, தசரதன் முன்னாலேயே கோகுல்ராஜின் கையில் கொடுத்தார் மணிவேல். தட்டின் ஓரத்தில் அந்தத் தாயத்தையும் வைத்தார். கோகுல்ராஜ் வாங்கிக்கொண்டான். மூன்றரை மணி பஸ்ஸில் வெற்றிலையோடு மலையிறங்கினான். தை மாதத்துக்குள் பலாமரத்தூரில் பதினோரு மாட்டின் கழுத்தில் அவன் கடையில் வாங்கிய வில்லை தொங்கியது. கடை முதலாளி அவனுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தாராம்.

பஸ் போன பிறகு தமிழரசி முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். குழு வேலை எதுவும் அன்றைக்கு இல்லை.

கிடாவைக் கட்டிக்கொண்டிருந்த மணிவேல் நிமிர்ந்தார். "எங்க..." என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டு முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

"சோத்துக்கு வந்துரும்மா."

"வர்றேம்ப்பா" என்றாள் அவள்.