அமுதவள்ளி வாசித்த அமெரிக்க நாவல்

ராமநாதபுரத்துக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் அமுதவள்ளிக்குத் துறைத்தலைவர் வீரபத்திரனைக் கண்டாலே குமட்டும். நவீன அமெரிக்க நாவல் எதுவானாலும், கனவு சிதைகிறது, மனிதன் தனிமைப்படுகிறான் என்று மாணவர்களைக் கைடைப் பார்த்து எழுதவைப்பார். ஒரு நாவலைக்கூட அவர் படித்ததில்லை.

அவளோ, வறட்சியில் நிலத்தை இழந்த அமெரிக்க விவசாயிகளின் கதையை வகுப்பில் வாய்விட்டு வாசித்தாள். மிளகாய்க்காடு காய்ந்துபோன வீட்டுப் பிள்ளைகள் மணியடித்தும் எழுந்திருக்கவில்லை.

வீரபத்திரன் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, கதை வாசிக்கவா சம்பளம்? தீம் என்னன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?"

"நாவலையே படிக்காம தீம் எங்கன இருந்து சார் வரும்?"

மறுநாளே அந்தப் பாடத்தை அவளிடமிருந்து பிடுங்கி, இலக்கண வகுப்பை அவள் தலையில் கட்டினார். அந்த ஆளிடம் போய் வாதாடுவதே கேவலம் என்று நினைத்தவள், மாலையில் வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து மீதியை வாசித்தாள். அவ்வழியே போன வீரபத்திரன் முறைத்தார்.

"உக்காருங்க சார், இப்பவாவது கேட்டுக்கங்க" என்றாள், தலை நிமிராமலே.