அரை மணி நேர ஜெபம்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கர்த்தர் என்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று நிச்சயமாகத் தோன்றியது. எந்த ஊழியம் என்பதுதான் தெரியவில்லை. மேடையில் பேசுகிற ஊழியமாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. அது தெளிவாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று சிட்லபாக்கத்தில் எங்கள் சபையின் வீடு சந்திப்புக் குழுவில் சேர்ந்தேன். ஜெபிக்க ஆரம்பித்தால் நான் லேசில் முடிக்க மாட்டேன். ஆண்டவருக்கே கொட்டாவி வந்துவிடும் என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கோ அதில் பெருமைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான்கு பேர் பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு அக்கா தெருத்தெருவாக மீன் விற்றவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். கோயிலுக்குப் போகிற குடும்பம். யார் வேண்டிக்கொண்டாலும் நல்லதுதானே என்று மகள் எங்களைக் கூப்பிட்டிருந்தாள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

கட்டிலருகே நின்று கண்ணை மூடினேன். அரை மணி நேரம். திறந்தபோது அந்த அக்கா அழுதுகொண்டிருந்தார். கர்த்தர் தொட்டுவிட்டார் என்று பூரித்துப்போனேன். இதுதான் என் அழைப்பு என்று அங்கேயே முடிவும் கட்டிவிட்டேன். குனிந்து அவர் கையைப் பிடித்ததும், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"படுக்கையிலயே போய்ட்டேம்மா. நீங்க சாமி கும்ட்டுகினு இருந்தீங்க. நடுவுல கூப்ட்டா தப்பாச்சேன்னு அடக்கிகினே இருந்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எப்படிப் புரட்டுவது என்று தெரியாமல் அவரை வலிக்க வலிக்கப் புரட்டி பெட்ஷீட்டை மாற்றினேன். வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டேன். எனக்குக் குமட்டியது. மறைக்கத்தான் பார்த்தேன், அவர் கவனித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. பகலில் தூக்கிவிட ஆளில்லாததால், தான் வரும்வரை அம்மா தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். அன்றைக்கு மட்டும், நாங்கள் வருகிறோம் என்ற தைரியத்தில், காலையில் அவள் கிளம்பும்போது ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

அந்த ஒரு டம்ளரை நினைத்து நான் அழுதேன். சித்திரை வெயிலில் ஒரு மனுஷி நாவறண்டு கிடக்கிறார், நான் மைக்குக்குக் காத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் போகிறேன். பெட்பேன் வைக்கப் பழகிவிட்டேன். ஜெபத்தைப் பஸ்ஸிலேயே முடித்துக்கொள்கிறேன். ஆனால் முதல் சில வாரங்கள் நான் எவ்வளவு சொன்னாலும் அக்கா உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. இரண்டாவது தடவை நான் வருவேன் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. அதற்காக அவரை எப்படிக் குறை சொல்வது?

போன வாரம் நான் பதினோரு மணி வேலையை முடித்துக் கிளம்பும்போது கேட்டார்: "மூணு மணிக்கு வர்ற இல்ல?"

"வந்துடுவேன்க்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர்ச் செம்பை வாங்கி, அடிவரைக்கும் குடித்தார்.