இன்னாசி தேய்க்காத காசு

இல்லை குமரவேல் தம்பி, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சங்கத்துச் செயலாளராக இருக்கலாம். நினைவு மலர் அச்சுக்குப் போகிற அவசரம் இருக்கலாம். ஊருக்கு லீவில் போய், மாமியார் வீட்டு மீன் குழம்பில் முங்கிக்கிடந்து, என் போனை எடுக்காமலும் இருக்கலாம். அதற்காக மலரின் முதல் பக்கத்தில், "ஆர்வ மிகுதியால் ஒருமுறை அரிய ரோமானியக் காசு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பாழாக்கிவிட்டார்" என்று இன்னாசியைப் பற்றி எழுதிவிடுவதா? அவரிடம் குறை வேண்டுமென்றால் என்னைக் கேட்டிருக்கலாமே, பத்து சொல்லியிருப்பேன். பாத்ரூமுக்குள் போனால் அரைமணி நேரம், பாட்டு வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு போவார். ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையைத் தட்டைச் சுற்றி வேலி மாதிரி அடுக்குவார். இதையெல்லாம் எழுதுங்கள். புளி போட்டுத் தேய்த்தது மட்டும் அவர் இல்லை.

"காசுகளைப் பதிகிற நோட்டில் அவரே எழுதியிருக்கிறாரே" என்பீர்கள். எழுதியிருக்கிறார். நாற்பத்தோராவது காசு. அதைச் சொல்லத்தான் நாலு நாளாகப் போன் போட்டேன். நீங்கள் எடுக்காததால் மலருக்கே எழுதி அனுப்புகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

செய்தி வந்தபோது நான் கேம்ப் மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணி. சைட்டில் இருந்து போன். "தாத்தா, மேல ஏசி மாட்டிக்கிட்டு இருந்தாரு இன்னாசி அண்ணன், நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றான் போன் பண்ணியவன். நான் வெங்காயத்தை வைத்துவிட்டு அடுப்பைக் குறைத்தேன். அப்புறம் எதற்குக் குறைத்தோம் என்று தெரியாமல் மறுபடி கூட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சுற்றி நின்றவர்கள் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னாசி என்னைவிடப் பதினொரு வயது இளையவர். உயிரோடு இருந்தவரை வா, போ என்றுதான் பேசினேன். இப்போது மரியாதை போட்டு எழுதுகிறேன். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். அஜ்மானில் எங்கள் கம்பெனியில் ஏசி டெக்னீசியன். ஒருமுறை ஓர் அருங்காட்சியகத்தின் சாமான் அறையில் ஏசி பார்க்கப் போனார். அங்கே தட்டுத் தட்டாகப் பழைய காசுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. ஒரு மணி நேர வேலைக்குப் போனவர், சீட்டுகளைப் படித்துக்கொண்டே மூன்று மணி நேரம் ஏசியைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார். அங்கே பொறுப்பில் இருந்த அரபு மேடம் கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலி போட்டு உட்காரவைத்து, சீட்டு எழுதுவது எப்படி என்று காட்டியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு.

இந்தக் கரைகளில் மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. குளிக்க வந்தவர்கள் மணலில் தொலைத்த மோதிரம், செயின் தேடிக் கொடுப்பதுதான் அவர்கள் சோலி. எப்போதாவது மோதிரத்துக்குப் பதில் பச்சை பிடித்த பழைய காசு அகப்படும். அப்படி அகப்பட்டால் அரசாங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்படைக்கப் பயப்படுகிறவர்கள், என்னவென்று தெரியாமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறவர்கள் எல்லாரையும் தேடிப் பிடித்து, காசைப் பதிந்து, அவர்களையே கூட்டிக்கொண்டு போய் மேடத்திடம் ஒப்படைக்க வைப்பார் இன்னாசி.

பதிகிற இடம் என் மெஸ். வெளிச்சமான ஜன்னல் அங்கேதான் இருந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு, நகைக்கடைத் தராசு, ஒரு லென்ஸ். யார் எடுத்தது, எந்த இடம், எத்தனை விரல் ஆழம், எடை, முன்பக்கம், பின்பக்கம். கடைசியில் காசைத் தலை நிமிர்த்திப் பிடித்து அப்படியே திருப்பிப் பார்ப்பார். பின்பக்கத்துப் படம் எந்தத் திசையில் தலை வைத்திருக்கிறதோ, அதைக் கடிகார முள் மாதிரி "மணி ஆறு" என்றோ "மணி பன்னிரண்டு" என்றோ எழுதுவார்.

"ஏம்ப்பு, ராசா செத்து ரெண்டாயிரம் வருசமாச்சு. இப்பப் போயி மணி பாக்குறியே?" என்பேன்.

"ஒங்களுக்கு வேணும்னா சாம்பார் எறக்க மணி சொல்லுதேன், சும்மா இரிய அண்ணாச்சி."

ராசாக்களை அவர் அடையாளம் கண்டுபிடிப்பதே தனிக் கூத்து. எழுத்து தேய்ந்துபோயிருக்கும். மூக்கு, தாடை, முடியை வைத்தே சொல்லுவார். தாடி வந்தால் பிந்தின ஆள் என்று எனக்கும் ஒரு பாடம் நடத்தினார். மறுவாரம் ஒரு காசைப் பார்த்துவிட்டு, "தாடி இல்ல, அப்ப முந்தின ஆளு" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "கடைசியில வந்தவனுவ மறுபடி செரைச்சுட்டானுவ அண்ணாச்சி" என்றார். முள் முள்ளாக முடி வைத்த தலை ஒன்று வந்தது. "உங்க ஏசு சாமியா?" என்று கேட்டேன். "அது சூரியனோட கதிரு. இந்த ராசாவுக்கு அவர ஆகவே ஆகாது" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

தெரியவில்லை என்று எழுதுவதற்கு அவருக்கு வெட்கமே கிடையாது. நோட்டில் பாதிக்குப் பாதி "தெரியவில்லை" என்றுதான் இருக்கும். "பாத்தத எழுதணும் அண்ணாச்சி. பாத்த மாதிரி இருந்தத எழுதப்பிடாது" என்பார்.

இப்போது நாற்பத்தோராவது காசுக்கு வருகிறேன்.

குல் பாய் என்று ஒரு பெஷாவர்க்காரர், பிக்கப் டிரைவர், டிடெக்டர் வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் கட்டை விரல் நகம் அளவில் ஒரு பச்சைக் காசைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னாசி இடத்தையும் ஆழத்தையும் கேட்டு எழுதினார், எடை போட்டார். ஜன்னலில் பிடித்து, "முள்ளு முடி மாதிரில்லா இருக்கு..." என்றார். அதற்குள் சைட்டுக்கு வண்டி ஹாரன் அடித்தது. காசை ஒரு பஞ்சில் வைத்து மசாலா டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் வைத்தார். "சாயங்காலம் வந்து பாக்குதேன், அண்ணாச்சி" என்று ஓடிவிட்டார்.

அன்று பாத்திரம் துலக்கும் நாள். என் பித்தளை அண்டாவைப் புளி, உப்பு, தேங்காய் நார் போட்டுத் துலக்கி முடித்தேன். அண்டா தங்கமாக மின்னியது. கையில் கொஞ்சம் புளி மிச்சம் இருந்தது. அலமாரியில் அந்தக் காசு அழுக்காகக் கிடந்தது. பாவம், சாயங்காலம் வந்து மூக்கு தெரியவில்லை, எழுத்து தெரியவில்லை என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காருவானே, ஒரு உதவி செய்வோம் என்று நினைத்தேன். சத்தியமாக உதவி என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடம் தேய்த்தேன். பச்சை போனது. பச்சையோடு ராசாவும் போய்விட்டார்.

சாயங்காலம் முதலில் வந்தது குல் பாய். பார்த்ததும் கையைத் தட்டினார். "வாஹ் சாச்சா! ஏக்தம் நயா!" புத்தம் புதுசாம். பின்னாலேயே இன்னாசி வந்தார். காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

"அந்தப் பச்சைதான் அண்ணாச்சி அதோட தோலு" என்றார். அவ்வளவுதான்.

"முள்ளு முடி மாதிரின்னு சொன்னியே இன்னாசி, அதையாச்சும் எழுதிக்க."

"மாதிரின்னுதானே சொன்னேன். பாத்தேன்னு சொல்லலியே."

ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதினார்: "முகம் தெரியவில்லை. எழுத்து தெரியவில்லை. மணி தெரியவில்லை. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கப்பட்டது. தவறு என்னுடையது. இன்னாசி."

"யாருப்பு தவறு? தேய்ச்சது நானு!"

"அடுப்படியில கொண்டு வச்சது யாரு? நாந்தானே. பொய் எழுதல அண்ணாச்சி."

மறு சனிக்கிழமை குல் பாயைக் கூட்டிக்கொண்டு ஒப்படைக்கப் போனோம். மேடத்துக்கு என் பிரியாணி பிடிக்கும், அதனால் நானும் ஒரு பாத்திரத்தோடு போனேன். வண்டியில் போகும்போதே இன்னாசி சொல்லிவிட்டார்: "நீங்க அங்க வாயத் தொறக்காதீய. அறுவது தாண்டினவங்க விசாவ வருசா வருசம் பாக்குதானுவ. ஒங்களுக்கு இந்த மாசம். போலீசு, பேப்பருன்னு எதும் வரப்பிடாது."

இன்னொன்றும் எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் வந்து சாமான் அறையில் காசுகளைப் பிரித்து அடுக்க உதவுகிறாயா என்று மேடம் அவரிடம் கேட்டிருந்தார். அதற்கான அனுமதிக் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அதற்குக் காத்திருந்தார் மனிதர். அந்த அறைக்குள் ஏசிக்காரனாக இல்லாமல் போக வேண்டும் என்று ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருந்தார். அதைக்கூட நான் மாப்பிள்ளைச் சட்டை என்று கேலி செய்திருக்கிறேன்.

மேடம் காசைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. யார் செய்தது என்று இங்கிலீஷில் கேட்டார். அந்த இங்கிலீஷ் எனக்கே புரிந்தது.

"என்னோட தப்பு மேடம்" என்றார் இன்னாசி.

மேடம் கத்தவில்லை. சீட்டை எழுதி, காசைப் பையில் போட்டு வைத்தார். பிரியாணியைத் திறக்கவில்லை. கிளம்பும்போது, அந்தக் கடிதம் இப்போதைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நான் கையில் பாத்திரத்தோடு கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். என் வாயை யாரும் பொத்தவில்லை.

அது நடந்து ஆறு வருடம். அதற்குப் பிறகும் காசுகளைப் பதிந்தார், ஒப்படைத்தார். வாசலோடு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வெள்ளைச் சட்டையை ஒரு கிறிஸ்மஸ் பூசைக்குப் போட்டார். என்னிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் அந்தக் காசைப் பற்றி ஏதாவது கேலி பேசி அவர் வாயைக் கிளறிப் பார்ப்பேன். "கெடக்கு அண்ணாச்சி, சோத்தப் போடுங்க" என்பார்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று: பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல வராத நாக்கு. சமையல்காரனுக்கு அது பெரிய தொந்தரவு. உப்பு சரியா என்று யாராவது கேட்டால், "தெரியலப்பு, இன்னும் வாயில வைக்கல" என்று சொல்லிவிடுகிறேன். மெஸ்ஸில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உடலை ஊருக்கு அனுப்பி, அடக்கம் முடிந்து, அவர் மகள் ரெஜினா சாமான்களை எடுக்க வந்தாள். ஷார்ஜாவில் நர்ஸ். நோட்டை அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடப்போவதாகச் சொன்னாள். நோட்டு அங்கே போனால், அந்த ஒரு வரியும் அங்கேயே இருந்துவிடும். இனிமேல் யார் எடுத்துப் பார்த்தாலும் இன்னாசி என்றால் காசைத் தேய்த்தவன்.

மெஸ்ஸில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். "அப்பா சாமான்ல ஒங்களுக்கு எதும் வேணுமா பெரியப்பா?" என்று கேட்டாள்.

"அந்த நோட்டுல ஒரு வரி எடம் வேணும் தாயி."

அண்டாவில் தொடங்கி அருங்காட்சியக வாசல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்பத்தோராவது காசின் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பேனாவையும் கொடுத்தாள். அவள் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: "தேய்த்தது சமையல்காரன் கருப்பையா." எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது. அதற்குள் வெளியே டாக்சிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.

மை காய ஊதினாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு தாயி" என்றேன். "விசாவுக்குப் பயந்தேன், அது நெசந்தான். ஆனா அது மட்டும் இல்ல. அந்தம்மா யாருன்னு கேட்டப்ப ஒங்கப்பன் என்னத் திரும்பிப் பாத்தான். ஒரே ஒரு நொடி. அப்ப நான் மனசுக்குள்ள, நீயே சொல்லிரு இன்னாசி, நீயே சொல்லிருன்னு..."

ரெஜினா பையைத் தோளில் மாட்டினாள்.

"டூட்டிக்கு நேரமாச்சு பெரியப்பா. போற வழியில இத அங்க குடுத்துட்டுப் போணும்."

"நில்லு தாயி, முடிக்கல. அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு..."

அவள் மெஸ் வாசலைத் தாண்டி, வெயிலில், டாக்சியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.